காவல்துறைக்குத் தனியாக ஓர் இணையதளம் எதற்கு?

கேள்வி இது: "வாட்ஸ்அப், ஃபேஸ்புக், எக்ஸ் எல்லாம் இருக்கும்போது காவல்துறைக்குத் தனியாக இணையதளம் தேவையா? தேவை என்றால், மக்களோடு பேச அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும்?" கேட்டவர் காவல் பணியில் புதிதாகச் சேர்ந்தவர். மாவட்ட அலுவலகத்தில் கணினி வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறார்களாம்.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் வழக்கறிஞர். பதினெட்டு வருஷமாகப் பெரும்பாலும் விபத்து இழப்பீட்டு வழக்குகள், கொஞ்சம் கிரிமினல். ஸ்டேஷன் மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களோடுதான் என் நாள் போகிறது. அதனால் இந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

போன வருஷம் ஓர் அம்மா வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவர். மாவுத் தூக்கும் தண்ணீர்க் குடமும் ஏற்றி வரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி காய்கறி மார்க்கெட் வாசலில் திருடு போய்விட்டது. அன்றைக்கே புகார் கொடுத்து சி.எஸ்.ஆர்., அதாவது வழக்குப் பதிவதற்கு முன் தரும் புகார் ரசீது, வாங்கியிருந்தார். அந்தக் காகிதத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எண் அழிந்திருந்தது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஏழு தடவை ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். ஏழு நாள் காலை வியாபாரம் போச்சு. ஒவ்வொரு தடவையும் கிடைத்த பதில், "விசாரிச்சிட்டு இருக்கோம்மா, அடுத்த வாரம் வந்து பாருங்க."

அவர் என்னிடம் கோபமாகப் பேசவே இல்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "கிடைக்கலேன்னா கிடைக்கலேன்னு சொல்லிட்டா, நான் வேற வண்டிக்கு வழி பார்ப்பேனே சார்?"

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மக்கள் காவல்துறையிடம் கேட்பதில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட கேள்விகள்தான். என் புகார் என்ன ஆச்சு? யார் கையில் இருக்கு? இனி நான் என்ன செய்யணும்? அதற்குப் பதிலை எழுதி, தேதி போட்டு, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கிற இடம் இணையதளம். வாட்ஸ்அப் குழுவில் போட்டது மறுநாள் மேலே போய்விடும். எக்ஸ் தளத்தில் போட்டதை அந்தத் தளத்தில் இருப்பவர்தான் பார்ப்பார். காவல்துறையின் சொந்த இணையதளத்தில் தேதியோடு எழுதி வைத்ததை ஒருவர் நீதிமன்றத்திலும் இன்சூரன்ஸ் ஆபீஸிலும் காட்ட முடியும்.

தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைத் தளத்தில் இதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. சி.எஸ்.ஆர். நிலையைப் பார்க்கலாம், எஃப்.ஐ.ஆர். நகலை எடுக்கலாம், தொலைந்த சான்றிதழுக்கு அங்கேயே பதிவு செய்து அறிக்கை வாங்கலாம். ஆக, வசதி இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வசதிக்குள் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்த அம்மாவின் புகாருக்கு எதிரே விசாரணையில் இருப்பதாக ஒரே ஒரு ஆங்கில வரி. நாலு மாதமாக அதே வரி. "அப்படின்னா என்ன சார்?" என்றார். மேஜையில் சொன்ன பதிலைத்தான் அந்த நிலையம் திரையிலும் ஏற்றியிருந்தது.

இந்த இடத்தில் சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வண்டித் திருட்டு அந்த வகைக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இன்னும் ஒரு படி போகிறது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 193-ஆவது பிரிவு. மின்னணு வழியிலும் தெரிவிக்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இதைச் செய்வதற்கு இணையதளத்தை விட எளிய வழி என்ன இருக்கிறது? ஒரு நிலையத்தில் இருக்கிற நூற்றுக்கணக்கான புகார்தாரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்ய, எழுத்து வேலை பார்க்கும் ரைட்டருக்கு நேரம் கிடையாது. ஆனால் கோப்பில் எழுதுகிற அதே வரியைத் தளத்திலும் ஏற்ற முடியும்.

எப்படி எழுதலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் காவல் படைகளுக்குப் பொதுவான தளம் ஒன்றில் 2011 தொடக்கத்திலிருந்து தெருவாரியாகக் குற்ற வரைபடம் போடுகிறார்கள். திறந்த அன்றைக்குக் கூட்டம் தாங்காமல் தளம் முடங்கியது. ஜனங்களுக்குத் தன் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆவல். நம் அஞ்சல் குறியீடு மாதிரி ஒன்றைத் தட்டினால், அந்த வட்டாரத்துக் காவலர் குழு, அவர்கள் இப்போது கவனம் செலுத்தும் பிரச்சினைகள், மக்களைச் சந்திக்கும் கூட்டங்கள் எல்லாம் வரும். வரைபடத்தில் சரியான வீட்டு முகவரி வராது. குறைந்தது எட்டு முகவரிகளை உள்ளடக்கிய ஒரு பொதுப் புள்ளிக்கு அந்தக் குற்றத்தை நகர்த்திக் காட்டுவார்கள். யார் வீட்டில் திருட்டு நடந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் விரலை நீட்டிவிடக் கூடாது என்பதற்காக.

வரைபடத்தை விட எனக்குப் பிடித்தது அதன் கீழே வரும் முடிவு வரி. ஒவ்வொரு குற்றத்துக்கும் கடைசியில் என்ன ஆனது என்று போடுகிறார்கள். அதில் அடிக்கடி வருவது, விசாரணை முடிந்தது, சந்தேக நபர் யாரும் அடையாளம் காணப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரி. கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு காவல்துறை தன் தளத்திலேயே எழுதுகிறது. இதனால் காவல்துறைக்கு மரியாதை போய்விடும் என்று நம்மூரில் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இட்லிக் கடை அம்மா கேட்டது இந்த ஒரு வரியைத்தான். அது கிடைத்திருந்தால் ஏழு காலைப் பொழுது மிச்சம். காவல்துறை மேலே அவருக்கு இருந்த மதிப்பும் அப்படியே இருந்திருக்கும்.

நன்றாக நடக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். என் தொழிலில் சாலை விபத்து வழக்குக்கு எஃப்.ஐ.ஆர்., விபத்து இடத்தின் ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) ரிப்போர்ட் என்று ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். ஒரு காலத்தில் இறந்தவரின் மனைவியோ அப்பாவோ ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து, ரைட்டர் இருக்கிற நேரம் பார்த்து, ஜெராக்ஸ் கடைக்குக் காசும் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நடுவில் தரகர்கள் புகுந்து, காகிதம் வாங்கித் தருகிறேன் என்று இழப்பீட்டிலேயே பங்கு பேசுவார்கள். தமிழ்நாடு காவல்துறை விபத்து வழக்கு ஆவணங்களைக் கட்டணம் கட்டி இணையத்திலேயே இறக்கிக்கொள்ளும்படி செய்தபிறகு அந்த அலைச்சல் வெகுவாகக் குறைந்தது. விளம்பரமே இல்லாமல் நடந்த வேலை இது. துக்க வீட்டிலிருந்து ஒருவர் போலீஸ் வாசலில் நிற்க வேண்டாம் என்று ஆக்கியதை நான் பெரிய சேவையாகவே நினைக்கிறேன்.

எஃப்.ஐ.ஆர். விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காவல்துறை இணையதளத்தின் மிகப் பெரிய நன்மையும் மிகப் பெரிய ஆபத்தும் அதில்தான் சேர்ந்து இருக்கின்றன.

புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசமாகத் தர வேண்டும் என்பது பழைய சட்டத்திலேயே உண்டு. யார் மீது வழக்கோ அவருக்குத்தான் தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரியவே நாளாகும். டெல்லி உயர் நீதிமன்றம் 2010-இல் டெல்லி காவல்துறைக்கு இதில் ஒரு வழிமுறை வகுத்தது. பிறகு யூத் பார் அசோசியேஷன் என்ற வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பர் 7 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, சி. நாகப்பன் அமர்வு நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு 48 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம். 2016 நவம்பர் 15 முதல் இது நடைமுறை. பாலியல் குற்றங்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகள், தீவிரவாதம் போன்றவற்றை ஏற்றக் கூடாது. ஒரு வழக்கை இந்த விலக்கில் வைப்பதென்றால் அந்த முடிவை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி எடுக்க வேண்டும். அப்படி ஏற்றாமல் விட்டதில் குறை இருந்தால் எஸ்.பி.யிடமோ கமிஷனரிடமோ மனு கொடுக்கலாம்.

இந்த விலக்கு என்பது எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, கணினிக்குள்ளும் இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்முறை வழக்கில் எஃப்.ஐ.ஆர். வெளியே போய்விட்டது. அந்தப் பெண்ணின் அடையாளம் அதில் இருந்தது. அடுத்த சில மணி நேரத்தில் போன் போனாகப் பரவியது. இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியபோது, அந்த வகை வழக்குகளைப் பூட்டுவதில் தொழில்நுட்பத் தாமதம் ஏற்பட்டது என்று காவல்துறை விளக்கம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. எஃப்.ஐ.ஆர். கசிந்ததற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கவும் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய சட்டத்தின் 72-ஆவது பிரிவின்படி இரண்டு வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

அந்தச் செய்தி வந்த வாரம் ஒரு தாய் என் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு நேர்ந்ததைப் புகாராகக் கொடுக்கலாமா என்று கேட்க வந்தவர். "அதுவும் நெட்ல வந்துடுமா சார்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் எழுந்து நின்றுவிட்டார். உட்காரவைத்து, சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது என்று நிதானமாகச் சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரே ஒரு கோப்பு கசிந்தால் இப்படி எத்தனை பேர் ஸ்டேஷன் வாசலுக்கே வராமல் திரும்பிவிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் உங்கள் கணினிப் பிரிவுக்கு நான் சொல்வது இது. பாலியல் குற்றப் பிரிவோ போக்சோ சட்டமோ தட்டச்சு செய்யப்பட்ட நொடியிலேயே கோப்பு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். யாராவது நினைவு வைத்துப் பூட்டுவார்கள் என்று விடக் கூடாது. மற்ற வழக்குகளிலும் புகார்தாரரின் போன் எண், வீட்டு முகவரி, சாட்சிகளின் விவரம் பொதுவில் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. சட்டம் திருத்தப்படும் ஒவ்வொரு தடவையும், பிரிவு எண்கள் மாறியபிறகும் பூட்டு வேலை செய்கிறதா என்று சோதனைக்காக ஒரு மாதிரி வழக்கைப் பதிந்து பார்த்துவிட்டுத்தான் தளத்தைத் திறக்க வேண்டும்.

அடுத்தது கைது. ராத்திரி ஒருவரை வீட்டிலிருந்து அழைத்துப் போனால், குடும்பம் கேட்கிற முதல் கேள்வி "எந்த ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க?" டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கைதானவர் விவரத்தை 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து, அங்கே தகவல் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொன்னது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆவது பிரிவு ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றச்சாட்டின் தன்மை ஆகியவற்றைக் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது, டிஜிட்டல் முறையிலும் வைக்கலாம் என்கிறது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்ததைப் பார்த்த நமக்கு இது ஏன் தேவை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பட்டியல் அந்த ராத்திரியே தளத்தில் ஏற வேண்டும். அதே சமயம் அது அங்கேயே கிடக்கவும் கூடாது. கைதானவர் குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. நாலு வருஷம் கழித்து விடுதலையான பையன் ஒருவன் வேலைக்குப் போகும்போது, கம்பெனிக்காரர் அவன் பெயரைத் தேடினால் பழைய கைதுப் பட்டியல் வந்து நிற்கக் கூடாது. சில நாள் இருக்கட்டும், பிறகு எடுத்துவிடுங்கள். கூகுள் தேடலில் சிக்காதபடி வைப்பதும் முடியாத காரியம் இல்லை.

இப்போது நாட்டையே ஆட்டிவைக்கிற ஒரு மோசடிக்கு வருவோம். வீடியோ காலில் போலீஸ் சீருடையோடு ஒருவர் வருவார். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, நீங்கள் 'டிஜிட்டல் கைதில்' இருக்கிறீர்கள், கேமராவை அணைக்காதீர்கள் என்பார். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி அதிகாரிகள் எல்லாம் வாழ்நாள் சேமிப்பை இப்படி இழந்திருக்கிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. இதைக் காவல்துறைத் தளத்தின் முதல் பக்கத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளை படித்தாலும் புரிகிற தமிழில், பெரிய எழுத்தில் போட வேண்டும். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் அதன் கீழே சேர்த்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தவர் உடனே உஷாராகிவிடுவார்.

இதோடு சேர்ந்த ஒரு சின்ன விஷயம்தான் உண்மையில் பெரிய காவல். ஒவ்வொரு நிலையத்தின் சரியான தொலைபேசி எண், இப்போது அங்கே இருக்கிற ஆய்வாளரின் பெயர். "நான் இன்ன ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் பேசுறேன்" என்று யாராவது மிரட்டினால், போனை வைத்துவிட்டுத் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு அடித்துப் பார்க்க முடிய வேண்டும். ஆய்வாளர் மாறுதலாகிப் போய் ஒரு வருஷம் ஆனபிறகும் பழைய பெயரே கிடந்தால் இது உதவாது. அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டு அவ்வப்போது புதுப்பிப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவின்படி கடமையும்கூட. பணம் பறிபோயிருந்தால் எந்தப் படிவத்தையும் தேடவிடாமல், முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் வங்கி நிறுத்திவைக்க அந்த முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு.

சரி, அப்போது சமூக ஊடகத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. 2016 ஜூலை 22 அன்று மியூனிக் நகர வணிக வளாகம் ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஊரெங்கும் வதந்தி பரவியபோது அந்த நகரக் காவல்துறை ட்விட்டரில் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி மொழிகளில் தகவல் கொடுத்தது. காவலர்கள் போகிற வருகிற படங்களைப் போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டது. அந்த மாதிரி ராத்திரிக்கு இணையதளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டு யாரும் உட்கார மாட்டார்கள். வெள்ளம், கலவரம், சாலை மூடல் என்றால் முதலில் அங்கே சொல்லுங்கள். ஆனால் முழு விவரமும் தளத்தில் இருக்கட்டும், சமூக ஊடகத்தில் அதற்கான இணைப்பு போகட்டும். தளத்தில் இல்லாத ஓர் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் காவல்துறை பெயரில் சுற்றினால் அதைச் சந்தேகப்படலாம் என்ற பழக்கம் மக்களுக்கு வந்துவிட்டால், வதந்திக்காரர்களின் வேலை பாதி கெட்டுவிடும்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பல அரசுத் தளங்களில் 'தமிழ்' என்று பொத்தான் இருக்கும். அழுத்தினால் மேலே நாலு தலைப்பு மட்டும் தமிழாகும், உள்ளே எல்லாம் ஆங்கிலம். இல்லையென்றால் தமிழ் அறிவிப்பைத் தாளில் எடுத்து, ஸ்கேன் செய்து, சாய்வாக ஏற்றியிருப்பார்கள். அதைத் தேடவும் முடியாது, பார்வையற்றவர்களின் போன் படித்துக் காட்டவும் முடியாது. தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பிறகும் பழைய எழுத்துருவில் அடித்துப் படமாக ஏற்றுவதற்குக் காரணமே இல்லை. ஊரில் எல்லோரும் பார்ப்பது போனில்தான். அதனால் எதை ஏற்றினாலும் விலை குறைந்த ஒரு போனை எடுத்து, வெயிலில் நின்று ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

காணாமல் போனவர்கள் பக்கமும், அடையாளம் தெரியாத உடல்கள் பக்கமும் பல காவல்துறைத் தளங்களில் உண்டு. அதைத் திறக்கிறவர் எந்த மனநிலையில் திறக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அமையுங்கள். முகப் படத்தைச் சட்டென்று காட்டாதீர்கள். உடை, தழும்பு, கிடைத்த இடம், தேதி ஆகியவற்றை முதலில் சொல்லி, பார்க்கிறீர்களா என்று கேட்டபிறகு படம் வரட்டும்.

இணையம் வழியாக எஃப்.ஐ.ஆர். போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. மின்னணு முறையில் தகவல் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால்தான் அது பதிவாகும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. பலர் படிவத்தை நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 'சமர்ப்பி' பொத்தானுக்குப் பக்கத்திலேயே, எந்த நிலையத்துக்கு எந்தத் தேதிக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதுங்கள்.

புதிதாக மென்பொருள் வாங்க வேண்டும், பெரிய திட்டம் போட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு மேலாக 'விசாரணையில்' என்று கிடக்கிற சி.எஸ்.ஆர்.கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விசாரிக்கிற அதிகாரியின் பெயர், கடைசியாக என்ன செய்தார், அடுத்து என்ன என்று தமிழில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

இட்லிக் கடை அம்மாவுக்குக் கடைசியில் எஃப்.ஐ.ஆர். பதிவாயிற்று. வண்டி கிடைக்கவில்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று கைக்கு வர இன்னும் சில மாதம் ஆயிற்று. அதை இன்சூரன்ஸில் கொடுத்து வந்த பணத்தோடு கொஞ்சம் கடன் சேர்த்து வேறு வண்டி வாங்கிவிட்டார். அந்தப் பழைய சி.எஸ்.ஆர். காகிதம் இன்னும் ரேஷன் கார்டு கவரில்தான் இருக்கிறது. தூக்கிப் போடலாமா என்று போன வாரம்கூட என்னிடம் கேட்டார்.